காளிராஜ் சோறு தின்னும் காட்சி

காளிராஜ் ஏறி உட்கார்ந்ததும் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கிவிட்டாள். "நான் அடுத்த வண்டியில வாரேன்" என்று டிரைவரிடம் சொன்னவள், காளிராஜை ஒரு முறை முறைத்துப் பார்த்து, தரையில் துப்பிவிட்டுத்தான் நகர்ந்தாள். டிரைவருக்குச் சங்கடமாகப் போயிற்று. காளிராஜுக்கு ஒரு சங்கடமும் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன்பே மனைவியைக் கூப்பிட்டார்.

"ஆவுடை, இன்னைக்கு ஒரு பொம்பள என்னையப் பாத்துத் துப்பிட்டுப் போறா."

"எந்த ஊருக்காரி?" அடுப்படியிலிருந்து கேட்டாள் ஆவுடைத்தாய்.

"கட்டங்குடிப் பக்கம் போல இருக்கு."

"போன மாசம் அங்கதான நாடகம் போட்டீக."

"அதான் சொல்றேன். ஒரு மாசமாகியும் மனசுல நிக்கேன் பாத்தியா?"

ஆவுடைத்தாய்க்கு இது பழகிப்போன பேச்சு. கணவரை யாராவது புகழ்ந்தால் அவர் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு மறந்துவிடுவார். திட்டினால் அதை வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவருவார்.

காளிராஜ் கிழக்குவெளி நாடகக் குழுவின் நடிகர். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அதற்கு முன்னால் பஞ்சு ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். துபாயில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த அப்துல் பாரி, திருச்சுழி சாலையில் சும்மா கிடந்த, பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றைப் பிடித்து நாடகக் குழு ஆரம்பித்தபோது, மேடைப் பலகை இறக்கக் கூலிக்கு வந்தவர்களில் இவரும் ஒருவர். பலகையை இறக்குகிற இடத்தில் லாரி டிரைவரோடு ஏதோ தகராறு. காளிராஜ் போட்ட சத்தத்தில் கிட்டங்கி ஓட்டுக்கு மேலிருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. பாரி வெளியே வந்து, "சண்டைய முடிச்சிட்டு உள்ள வா தம்பி. உனக்கு ஒரு வேஷம் இருக்கு" என்றார். உள்ளே போனவர் போனவர்தான்.

அந்தக் குழுவின் வழக்கம் இதுதான்: ஐந்து நாடகங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஊர்க்காரர்கள் எதைக் கேட்டாலும் அன்றைக்கே போடலாம். தை பிறந்தால் புறப்படுவார்கள், ஆடி வரைக்கும் ஓய்வில்லை. பிறகு கிட்டங்கியில் ஒத்திகை. வருடத்துக்கு ஒரு நாடகம் ஓய்வு பெறும், ஒன்று புதிதாகச் சேரும். ஆனால் 'தாழ்ப்பாள்' என்ற நாடகம் மட்டும் ஆரம்ப நாளிலிருந்து இன்று வரை ஐந்தில் ஒன்றாகவே இருந்து வருகிறது. அதில் பெரியகருப்பன் என்ற கணவன் வேடம் காளிராஜுக்கு. வேறு யாரும் அதைப் போட்டதில்லை.

பெரியகருப்பன் பெண்டாட்டி மேல் சந்தேகப்பட்டு அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறவன். முதல் வருடம் காளிராஜ் கண்ணில் மை தீட்டி, மீசையை முறுக்கி, தொண்டை கிழியக் கத்தினார். சனங்கள் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் அவரைப் போலவே கத்திக் காட்டி விளையாடின. காளிராஜுக்குத் தூக்கம் வரவில்லை. எங்கே பிசகுகிறது என்று புரியவுமில்லை.

அப்புறம் ஒரு நாள் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார். எதிர் மேசையில் ஒருத்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவன் அவளை உட்காரச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. சாம்பார், ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டான். கால் மாற்றி நிற்பதற்காக அவள் கொஞ்சம் அசைந்தபோது மட்டும் கண்ணை உயர்த்தினான். அவ்வளவுதான். அவள் பழையபடி நின்றாள். காளிராஜ் தன் இலையில் கைவைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராகக் கிட்டங்கிக்கு வந்து பாரியிடம் சொன்னார்.

"அண்ணே, அடுத்த ஊர்ல நான் கத்தப் போறதில்ல. சோறு திங்கப் போறேன்."

அன்றிலிருந்து அந்தக் காட்சி இப்படி அமைந்தது. மேடை நடுவில் மரச்சட்டத்தோடு ஒரு கதவு. பெரியகருப்பன் பெண்டாட்டி செல்லியை உள்ளே தள்ளித் தாழ்ப்பாளைப் போடுகிறான். கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். வட்டிலில் சோறு, கருவாட்டுக் குழம்பு. உள்ளேயிருந்து அவள் தட்டுகிறாள், கெஞ்சுகிறாள், பிறகு அழுகிறாள். இவன் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, உருட்டி, வாயில் போட்டு, மெல்லுகிறான். பாதிச் சாப்பாட்டில் தலையை லேசாகத் திருப்பி, "உப்பு கொஞ்சம் கம்மி" என்கிறான். அந்தக் காட்சியில் அவனுக்கு அந்த ஒரு வசனம்தான்.

சனங்களால் தாங்க முடியவில்லை. வைதார்கள். மண்ணை வாரி எறிந்தார்கள். பரளச்சியில் ஒரு கோயில் பொங்கலுக்குப் போட்டபோது கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து வட்டிலில் விழுந்து சோறு சிதறியது. காளிராஜ் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். சிதறின சோற்றை மேடையிலிருந்து பொறுக்கி வட்டிலில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கினார். அந்த இடத்தில் கூட்டம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அதன் பிறகு சென்னையிலிருந்து டிவி சீரியலுக்குக் கூப்பிட்டார்கள். போனார். ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார். "அங்க இலையில சோறு போடுறாக, திங்கத்தான் விட மாட்டேங்கிறாக. ஒரு வாய் வச்சா 'கட், கட்'னு கத்துறான்" என்று காரணம் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள், சுவாதி. காரியாபட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். எம்.ரெட்டியபட்டி சுந்தரபாண்டி அதே காரியாபட்டியில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு பேரும் ஒரே நாளில் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். காளிராஜ் பையனைப் போய்ப் பார்த்தார். கடைக்கு வந்த விவசாயியிடம் அவன் பொறுமையாகப் பேசுகிற விதம் அவருக்குப் பிடித்தது. சரி என்றார். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா தங்கலட்சுமி தனியாளாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு அவனைப் படிக்க வைத்தவள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு பெண் பார்க்க வந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. தங்கலட்சுமி சுவாதியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினாள். ஆவுடைத்தாயை வாய் நிறைய "மதினி, மதினி" என்றாள். பலகாரத் தட்டுகள் வந்தன. காளிராஜ் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வடையைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, நிதானமாக மெல்ல ஆரம்பித்தார். தங்கலட்சுமி ஏதோ சொல்ல வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க நாடகத்துல நடிப்பீகளா?"

"ஆமா. கிழக்குவெளி நாடகக் குழு. உங்க மகன் சொல்லலையா?"

"பாத்திரக் கடையில கணக்குப் பாக்கீகன்னு சொன்னான்."

சுந்தரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். சீசன் இல்லாத மாதங்களில் காளிராஜ் பாத்திரக் கடையில் உட்காருவது உண்மைதான். நாடகக்காரர் என்றால் அம்மா யோசிப்பாளோ என்று அவன் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறான்.

"ரொம்ப வருசத்துக்கு முன்னால பரளச்சியில, கதவப் பூட்டிப்போட்டுச் சோறு தின்னது..."

"நாந்தான்!" காளிராஜுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்திருக்கீகளா?"

"அன்னைக்குச் செருப்ப எறிஞ்சது நாந்தான்."

காளிராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "அட! நீங்கதானா அது? என்னா குறி! அத்தன கூட்டத்துல நேரா வட்டில்ல வந்து விழுந்துச்சே!" என்று தொடையைத் தட்டினார். இத்தனை வருடமாக முகம் தெரியாத ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தவர் போல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தங்கலட்சுமி சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நாங்க போயிட்டுத் தகவல் சொல்லி விடுறோம் மதினி" என்று எழுந்தாள். வாசல் வரைக்கும் வந்த காளிராஜின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் சுந்தரபாண்டி தனியாக வந்தான். "அம்மாவுக்குச் சுவாதிய ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா" என்றான்.

"என்னையப் பிடிக்கல. அதான?" என்றார் காளிராஜ்.

"அந்த மூஞ்சிய எப்படிடா சம்பந்தின்னு நடுவீட்டுல உக்கார வைப்பேன்னு கேக்குது. நடிப்புதானம்மான்னு எவ்வளவோ சொல்லிட்டேன். அது எனக்கும் தெரியும், ஆனா என்னால ஏலாதுங்குது. காரணம் கேட்டா அதுக்கு மேல பேச மாட்டேங்குது."

அவன் போனதும் ஆவுடைத்தாய்தான் முதலில் வெடித்தாள். "ஊரெல்லாம் துப்புறத வந்து வந்து சொன்னீகளே, இப்பச் சொல்லுங்க! நம்ம பிள்ள தலையில வந்து விடிஞ்சிருச்சு." இத்தனை நாள் வாங்கிய வசவுகளில் ஒன்றாவது காளிராஜைச் சுட்டதில்லை. இது சுட்டது. ஆனாலும் அவருக்குள் ஒரு மூலையில், முப்பது வருடமாகியும் அந்தப் பெண்ணால் மறக்க முடியவில்லையே என்ற எண்ணமும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மனைவியிடம் சொல்கிற துணிச்சல் அன்றைக்கு வரவில்லை.

பங்குனியில் எம்.ரெட்டியபட்டி அம்மன் கோயில் பொங்கலுக்கு நாடகம் கேட்டு அந்த ஊர்க் கமிட்டிக்காரர்கள் கிட்டங்கிக்கு வந்தார்கள். எந்த நாடகம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழுவில் எல்லோருக்கும் சம்பந்தப் பேச்சு முறிந்து நின்ற விஷயம் தெரியும். பாரியின் அண்ணன் மகள் நஸ்ரின்தான் இப்போது செல்லி வேடம் போடுகிறவள். பேச்சை அவள்தான் எடுத்தாள்.

"அண்ணே, 'ஊருணி' போட்டுருவோம். அதுல நீங்க ஊருக்கே தண்ணி குடுக்கிற பெரிய மனுசன். கடைசிக் காட்சியில சனம் அழும். அந்தம்மா வந்து பாத்தாங்கன்னா மனசு மாறிரும்."

"நல்ல யோசனதான்" என்றார் ஹார்மோனியம் வாசிக்கிற ஐயாத்துரை.

பாரி காளிராஜைப் பார்த்தார். "ஏலே காளி, நீயே சொல்லு. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

"வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்றார் காளிராஜ். நாடக விஷயத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து குழுவில் யாரும் கேட்டதில்லை.

சுவாதி வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"'ஊருணி' போட்டா அவுக என்னைய மருமகளா எடுத்துக்கிடுவாகளா?"

"எடுக்கலாம்னு நஸ்ரின் நினைக்கா."

"நீங்க என்னப்பா நினைக்கீக?"

"பொண்ணு குடுக்கிறதுக்காக நல்லவன் வேஷம் போட்டேன்னா அதுதாம்மா மோசடி. எனக்கு அப்படித்தான் படுது. ஆனா வாழப் போறவ நீ. நீ சொல்றதச் செய்யிறேன்."

"பள்ளிக்கூடத்துல என்னைய எல்லாரும் உப்புக்கம்மின்னுதான் கூப்பிடுவாக. நாலாம் வகுப்புல அழுதேன். எட்டாம் வகுப்புல என்னைய அப்படிக் கூப்பிடலன்னாத்தான் கோவம் வரும்" என்றாள் சுவாதி. "'தாழ்ப்பாளே' போடுங்கப்பா. நல்லவரா நடிக்கிறதுல நீங்க சுமார்தான்."

ஆவுடைத்தாய் கரண்டியைக் கீழே போட்டாள். அப்பாவும் மகளும் சிரித்தார்கள். அன்றைக்கே பாரிக்குப் போன் போயிற்று.

பொங்கலன்று சாயந்தரம் எம்.ரெட்டியபட்டி மந்தைத் திடலில் மேடை தயாரானது. ஏழு மணிக்கு நாடகம். தங்கலட்சுமி வர மாட்டாள் என்று சுந்தரபாண்டி ஏற்கெனவே சொல்லியிருந்தான். ஆனால் திருச்சுழியிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த அவன் பெரியம்மா முத்துமாரியம்மாள் நாடகம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், அதிகம் பேசாதவள். அக்காவைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் தங்கலட்சுமியும் கூட வந்தாள். படுதாவின் இடுக்கு வழியாகப் பார்த்த காளிராஜ், பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இரண்டு பேரையும் கண்டுகொண்டார். ஆவுடைத்தாயும் சுவாதியும் அவர்களுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"படபடன்னு வருதாண்ணே?" என்று கேட்டாள் நஸ்ரின்.

"பசிக்குது" என்றார் காளிராஜ். 'தாழ்ப்பாள்' நாடகத்தன்று மதியம் அவர் சாப்பிடுவதில்லை.

நாடகம் தொடங்கியது. அன்றைக்கு அவருக்கு எல்லாம் கைவந்தது. நடக்கும்போது தோளை எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்த இடத்தில் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக அமைந்தது. சிரிப்புக் காட்சிகளில் மந்தையே சிரித்தது. பிறகு அவர் செல்லியை உள்ளே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டார். அந்தச் சத்தம் மைக்கில் ஏறி ஊர் முழுக்கக் கேட்டது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வட்டிலை இழுத்துக்கொண்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் வசவு ஆரம்பிக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. நஸ்ரின் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது மட்டும் கேட்டது. காளிராஜ் பிசைந்தார், முள் எடுத்தார், மென்றார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். யாரோ ஒருத்தி விசும்பினாள்.

அப்போது மூன்றாவது வரிசையில் முத்துமாரியம்மாள் எழுந்தாள். தங்கலட்சுமி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு நடந்து வந்தாள். மேடையின் பக்கத்துப் படிகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கமிட்டிக்காரர் ஒருவர் தடுக்க ஓடிவந்தார். பாரி ஓரத்திலிருந்து கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

ஓரக்கண்ணில் அவள் தன்னைக் கடந்து போவதைக் காளிராஜ் பார்த்தார். அடிக்கத்தான் வருகிறாள் என்று முதலில் நினைத்தார். அடி என்றால் அவருக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அவள் அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் அந்தக் காட்சியில் கேட்டதே இல்லை. கதைப்படி செல்லி கடைசியில் கூரை ஓட்டைப் பிரித்து ஏறித் தானாகத் தப்புவாள். கதவை யாரும் திறப்பதில்லை. காளிராஜின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கலாமா, எழுந்து கத்தலாமா? கண நேரத்தில் எல்லாம் மனதில் ஓடியது. திரும்பினால் பெரியகருப்பன் வெறும் கோபக்காரன். எழுந்தால் அவன் இன்னும் பலசாலி. உண்மையில் அவன் என்ன செய்வான்? ஊர் முழுக்கப் பார்க்கும்போது ஒரு பொம்பிளை வந்து கதவைத் திறந்துவிட்டால் அவன் என்ன ஆவான்?

காளிராஜ் தலையைத் தூக்கவில்லை. வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. அந்த உருவமே சிறுத்துப்போனது.

முத்துமாரியம்மாள் நஸ்ரினின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். நஸ்ரின் கெட்டிக்காரி. செல்லியாகவே வந்தாள், செல்லியாகவே படியிறங்கிப் போய்ப் பெண்கள் நடுவில் உட்கார்ந்தாள். அங்கிருந்த பெண்கள் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் காளிராஜும் வட்டிலும் மட்டும். யாரும் அவரை வையவில்லை. ஐயாத்துரை ஹார்மோனியத்தில் கை வைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாரி விளக்கை அணைத்தார். எழுதப்பட்ட முடிவுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே நாடகம் அங்கேயே முடிந்தது. பிறகு எழுந்த கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

காளிராஜ் மேடைக்குப் பின்னால் வந்து கையைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆவுடைத்தாயும் சுவாதியும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தங்கலட்சுமியும் முத்துமாரியம்மாளும் வந்தார்கள். காளிராஜ் எழுந்து நின்றார்.

தங்கலட்சுமிதான் பேசினாள். "எங்க அக்காவ பரளச்சியிலதான் கட்டிக் குடுத்திருந்தோம் அண்ணாச்சி. அந்தப் பொங்கலுக்கு நான் அக்காவப் பாக்கப் போனேன். அவளுக்குக் காய்ச்சல், தூங்குறா, எழுப்பாத, நீ போயி நாடகம் பாருன்னு மச்சான் சொன்னாரு. அதுக்கு முன்னால போனப்பவும் காய்ச்சல்னுதான் சொன்னாரு. அதுக்கு முந்தியும் அப்படித்தான். எனக்கு ஒண்ணும் தோணல. நாடகத்துக்கு வந்து உக்காந்தேன். நீங்க கதவச் சாத்திட்டுச் சோறு திங்க உக்காந்தீக. எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிருச்சு. செருப்ப எறிஞ்சிட்டு நேரா அந்த வீட்டுக்கு ஓடுனேன். வெளிப்பக்கம் தாப்பா போட்டிருந்துச்சு."

முத்துமாரியம்மாள் தங்கையின் முதுகில் கையை வைத்து, மீதியைத் தானே சொன்னாள். "இவதான் வந்து திறந்தா. மறுநாளே என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. அதுக்கப்புறம் படிச்சேன், வேலைக்குப் போனேன், நல்லாத்தான் இருக்கேன். இவதான் இன்னும் அந்த மூஞ்சியவே நினைச்சுக்கிட்டு இருக்கா. உங்க மூஞ்சியும் அந்த ஆளு மூஞ்சியும் இவளுக்கு ஒண்ணாப் போச்சு. சம்பந்தம் பேசுன கதைய நேத்துத்தான் எங்கிட்டச் சொன்னா. அப்படி என்னதான் நடிச்சிருக்காகன்னு பாக்கணும்னு நான் வந்தேன்."

"இன்னைக்கு எதுக்கும்மா மேடைக்கு வந்தீக?" என்று கேட்டார் பாரி.

"தெரியல. தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாருமே எந்திரிக்கல. அதான் போனேன்."

காளிராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவருக்கு வந்தது வேறு கேள்வி. கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டேவிட்டார்.

"அன்னைக்கு இவுக வந்து கதவத் திறந்தப்ப, அந்த ஆளு என்ன செஞ்சாரும்மா?"

"என்னங்க இது!" என்று ஆவுடைத்தாய் அவர் கையைப் பிடித்தாள்.

முத்துமாரியம்மாள் கோபப்படவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முன்வாசல்லதான் உக்காந்திருந்தாரு. எந்திரிக்கல. தலையத் தூக்கல. தரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவ்வளவு பெரிய ஆளு இத்தினிக்காண்டு ஆயிட்டாரு."

"நானும் அதத்தானம்மா செஞ்சேன்!"

"ஆமா. அதத்தான் செஞ்சீக." அவள் சிரித்துவிட்டாள். "அப்படியே செஞ்சீக."

காளிராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கலட்சுமி அக்காவின் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பரளச்சியில் நடந்ததைப் பற்றி அக்கா சிரித்துக்கொண்டே பேசி அவள் இதுவரை பார்த்ததில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மதினி, ஆவணியில நாள் பாக்கலாமா? ஆனா ஒண்ணு, இவுக எங்க வீட்டுல வந்து சாப்பிட உக்காந்தா நான் அடுப்படியில இருந்துக்கிடுவேன். பழகுற வரைக்கும்."

"எனக்கே அப்படித்தான் இருந்துச்சு, கட்டிக்கிட்ட புதுசுல" என்றாள் ஆவுடைத்தாய்.

"ஆவணிதான் நல்லது. சீசன் முடிஞ்சிரும்" என்றார் காளிராஜ். சுவாதி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் காட்சி ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் ஓடியது. கிட்டங்கியில் பெரிய விவாதம். இனிமேல் ஒரு நடிகையைக் கூட்டத்தில் உட்காரவைத்துக் கதவைத் திறக்க வைக்கலாம் என்றார் ஐயாத்துரை. காளிராஜ் ஒரேயடியாக மறுத்தார். "நாம ஆள் வச்சுத் திறந்தா அது நமக்கே தெரிஞ்சிரும். பழையபடியே போடுவோம். யாராவது வந்தா வரட்டும். நான் தயாரா இருக்கேன்." பாரி அதையே ஏற்றுக்கொண்டார். அந்த சீசனில் இன்னும் இரண்டு ஊர்களில் கதவைத் திறக்க ஆட்கள் மேடையேறி வந்தார்கள். பந்தல்குடியில் வந்தவர் ஒரு வயதான ஆண்.

ஆவணியில் எம்.ரெட்டியபட்டியில் கல்யாணம் நடந்தது. சொந்தக்காரப் பெண்கள் காளிராஜைக் கண்டு ஒதுங்கி நின்றபோது தங்கலட்சுமியே முன்னால் வந்து, "இவுக என் சம்பந்தி. நாடகக்காரவுக. ஒண்ணும் செய்ய மாட்டாக, வாங்க" என்று கூட்டிவந்து அறிமுகம் செய்தாள்.

புரட்டாசி பிறந்ததும் கிட்டங்கியில் புது நாடகத்துக்கு வேடம் பிரித்தார்கள். காளிராஜுக்கு வயது அறுபதை நெருங்குகிறது என்று பாரி அவருக்கு ஒரு சின்ன வேடம் ஒதுக்கியிருந்தார். இரண்டே காட்சியில் வந்துபோகிற கிராம முன்சீப். காளிராஜ் தாள்களை முழுக்கப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, இதுல வார அந்த லாரி முதலாளி யாரு போடுறா?"

"மாரிசெல்வம். நாப்பது வயசுக்காரன் வேஷம்லே அது. நாடகம் பூராவும் ஓடணும், ஏறணும், குதிக்கணும்."

"நான் லாரியில லோடு ஏத்துனவன். எனக்கு யாரும் ஏறிக் காட்ட வேண்டாம்." துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிட்டங்கி ஓரத்தில் அடுக்கியிருந்த மேடைப் பலகைகள் மேல் ஒரே தாவாகத் தாவி ஏறி நின்றார் காளிராஜ். "முதல் காட்சிய ஆரம்பிங்க. பிடிக்கலன்னா முன்சீப்பாவே இருந்துக்கிடுறேன்."

மாரிசெல்வம் சிரித்துக்கொண்டே தன் தாளை அவரிடம் நீட்டினான். பாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, பேசு" என்றார்.

காளிராஜ் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. முதல் காட்சி முழுவதும் அவருக்கு அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது.